துறையின் பெயரே ஊரின் பெயராக

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடை விடுமுறையில், பாரீசுக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில் உறவினர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். எங்கள் இருவருக்கும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பதே தொழில். சொந்த ஊர் தேங்காய்த்திட்டு. புதுச்சேரி நகரத்தின் தெற்கு ஓரத்தில், அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்குமிடத்தில் இருக்கிறது. நகரத்துக்காரர்களிடம் பெயரைச் சொன்னால் "மீன்பிடித் துறைமுகம் இருக்கிறதே, அதுதானே?" என்பார்கள். அதற்குமேல் எங்கள் ஊருக்குப் பெருமை எதுவும் கற்பிக்கப்பட்டதில்லை.

பாரீசின் புறநகர்களில் புதுச்சேரிக்காரரைச் சந்திப்பது வியப்பன்று. 1956-ஆம் ஆண்டு மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், புதுச்சேரியில் வாழ்ந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் அளித்தது. அப்போது எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் "எந்தப் பக்கம்? முத்தியால்பேட்டையா, நெல்லித்தோப்பா?" என்று தொடங்கி, இரண்டு நிமிடத்தில் யாராவது ஒரு பொது உறவினரில் போய் முடிப்பார்கள். அத்தகைய சந்திப்புகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாங்கள் எழுத நினைப்பது வேறொரு சந்திப்பைப் பற்றி.

வாரச் சந்தையில் மசாலைப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றின் முன் நின்றிருந்தோம். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் கடைக்காரரிடம் ஏதோ ஒரு பொடியைப் பற்றிப் பிரெஞ்சில் விசாரித்துக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே "கொல்பூ" என்றொரு சொல் காதில் விழுந்தது. ஆட்டுக்கறிக் கொல்பூவுக்கு இந்தப் பொடி சரிப்படுமா என்பது கேள்வி. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குழம்பு! அறிமுகம் செய்துகொண்டோம். அவர் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் பிறந்தவர். செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஒரு சொற்றொடரும் தெரியாது. பெயரின் பின்பாதியை ஒரு ரசீதின் பின்புறம் எழுதிக் காட்டினார். பிரெஞ்சு எழுத்துகளில் "விராசமி" என்றிருந்தது. வீராசாமி.

நாங்கள் புதுச்சேரி என்று சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கள் பாட்டனாரின் பாட்டனார் இறந்தபோது எழுதிய சான்றிதழில் பிறந்த இடம் பொந்திஷேரி என்றுதான் இருக்கிறது. அப்படியானால் நாம் ஒரே ஊர்." எங்களுக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஆமாம், ஒரே ஊர்தான்" என்றோம். முகவரி வாங்கிக்கொண்டு பிரிந்தோம்.

அந்த "ஆமாம்" எவ்வளவு அவசரமானது என்பது ஊர் திரும்பிப் படிக்க உட்கார்ந்த பிறகே தெரிந்தது.

பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை 1848-இல் ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழியினர் கரும்புத் தோட்டத்தை விட்டு விலகத் தொடங்கியதும், தோட்ட முதலாளிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், கூலி, அரிசி, முடிவில் திரும்பிவரக் கப்பல் என்று தாளில் எழுதப்பட்டது. ஒரேலி என்னும் கப்பல் 1853-ஆம் ஆண்டு மே மாதம் 300க்கும் மேற்பட்டவர்களோடு மார்த்தினிக் தீவின் சேன்-பியேர் துறையை அடைந்தது. அதே கப்பல்தான் 1854 டிசம்பர் இறுதியில் குவாதலூப்பின் புவேன்த்-ஆ-பித்ர் துறைக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் பயணம் ஏறத்தாழ மூன்று மாதம். அதன்பின் 1880கள் வரை, குவாதலூப்புக்கு மட்டும் 40,000க்கும் மேற்பட்டவர்களும், மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேரும் போயினர். இந்துமாக்கடலின் ரெயூனியோன் தீவுக்குப் போனவர்கள் இலட்சத்தைத் தாண்டுவர்.

இங்கே ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதுச்சேரி, காரைக்கால் ஆகிய பிரெஞ்சுத் திட்டுகளின் சிறு பரப்பு இத்தனை பேரைப் பெற்றிருக்க முடியுமா? முடியாது. ஏறிய துறைதான் பிரெஞ்சுத் துறை. ஏறியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காடு, தஞ்சாவூர், சேலம் போன்ற மாவட்டங்களின் உள்நாட்டு மக்கள். மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகச் சென்று ஆள் சேர்த்து எல்லை கடத்திக் கொண்டுவந்தனர். இதனை ஆங்கில அரசு நெடுநாள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னர் 1861-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆங்கிலேயக் குடிகளைப் பிரெஞ்சுக்காரர் வேலைக்கு எடுக்கலாம். துறைகளில் ஆங்கில அரசின் முகவர் இருந்து மேற்பார்ப்பார். ஆள் கடத்தல் அதோடு ஒழுங்குக்கு வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஒழுங்குக்கு வந்தது பதிவேடு. பஞ்சமும் கடனும் பழையபடியே ஆள் பிடித்துக் கொடுத்தன.

ஆள் பிடிப்பது புதுச்சேரிக்குப் புதிதுமன்று. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் 1743-ஆம் ஆண்டுப் பகுதியைப் புரட்டிய அன்பர்கள், மக்களை ஏமாற்றிப் பிடித்துவந்து அடிமைகளாகக் கப்பலேற்றிய வழக்கு ஒன்றைப் படித்திருக்கலாம். துபாஷிகளின் மாளிகை வாழ்வையும் துரைமார்களின் சூழ்ச்சிகளையும் அந்நூலில் தேடிப் படிக்கும் நாம், அந்தப் பக்கங்களை விரைந்து கடந்துவிடுகிறோம்.

அந்நாளில் புதுச்சேரிக் கரையில் கப்பல் அணைய வசதியில்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலை மடியும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோய் ஏற்றியவை சலங்குகள். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும். பிரெஞ்சுக்காரர்களும் அச்சொல்லை எடுத்துத் தம் மொழியில் வழங்கினர். கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் 1866-இல்தான் வந்தது. 1952-ஆம் ஆண்டுப் புயல் அதனை அழித்தது. ஆக, ஒரேலியில் ஏறியவர்கள் இந்திய மண்ணிலிருந்து எடுத்த கடைசி அடி ஒரு சலங்குக்குள் வைத்த அடி. அதனைச் செலுத்தியவர்கள் எங்களைப் போன்ற கரையோரக் குப்பத்தினர். வாழ்நாளில் கடலையே பார்த்திராத ஓர் உழவனும் அவன் மனைவியும் அந்த முதல் அலையில் எப்படிக் கூவியிருப்பார்கள் என்று, துறைமுகத்து மதகுப் பக்கம் மாலையில் நடக்கும்போது நாங்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர்களுக்குப் புதுச்சேரி ஊரன்று; காத்துக் கிடந்த கொட்டடி, எண் போட்ட தகடு, மருத்துவரின் சோதனை, பிறகு அலை. ஆனால் சான்றிதழில் ஊர் என்று அதுதான் நின்றது. பிறந்த இடம் எது என்று அக்கரையில் எழுத்தர் கேட்டபோது, வழுதாவூருக்கு வடக்கே இத்தனை கல் என்றோ, கொள்ளிடத்துக்குத் தென்கரை என்றோ சொல்லியிருந்தால் அவருக்கு என்ன புரியும்? பல பதிவுகளில் "இந்தியா" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். சிலவற்றில் துறைமுகத்தின் பெயர்.

பெயருக்கும் இதே கதிதான். முத்துசாமி "முத்துசமி" ஆனார். சிதம்பரம் "சிதாம்பரோம்" ஆனார். ரெயூனியோனில் சேன்-ஆந்த்ரே நகர மேயராக இருந்த அரசியல்வாதியின் குடும்பப் பெயர் "விராபுல்லே". வீராப்பிள்ளையைத்தான் பிரெஞ்சு ஒலிப்பு அப்படி ஆக்கியிருக்கிறது. தனி மனிதன் ஒருவனின் பெயர், அவன் வழியில் வரும் அனைவருக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்து, தலைமுறைதோறும் பெயரைப் புதுப்பித்துக்கொள்ளும் நம் வழக்கத்தின்படி பார்த்தால், அந்தக் குடும்பங்கள் எல்லாம் கப்பலேறிய நாளில் நின்றுபோன கடிகாரங்கள்.

இதே காலத்தில் புதுச்சேரி நகருக்குள் வேறு வகையான பெயர் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873-இல் ஐரோப்பியரைப் போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். நீதிபதி அனுமதிக்கவில்லை. வழக்கு பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் வென்றார். 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, இந்தியர்கள் தம் மரபு வழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வழி செய்தது. அப்படித் துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டார்கள். பொன்னுத்தம்பி தேர்ந்தது லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். அப்பெயரை அவர் வேண்டுமென்றேதான் எடுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். ஒரு கரையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்ட தமிழன். மறுகரையில் எழுத்தரின் பேனா எழுதியதை ஏற்றுக்கொண்ட தமிழன். இருவருக்கும் ஊர் "பொந்திஷேரி".

துறந்தவர்களுக்குக் கதவு உண்மையிலேயே திறந்தது. திறந்த இடம் சைகோன். பிரெஞ்சுக்காரர் 1859-இல் அந்நகரைக் கைப்பற்றிய பிறகு, வரி வசூலிக்கவும் காவல் காக்கவும் கலங்கரை விளக்கம் ஏற்றவும் அலுவலகக் கணக்கெழுதவும் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆள் போனது. கொச்சின்சீனத்தில் அவர்களுக்கு வாக்குரிமையும் இருந்தது. சைகோன் குடியேற்ற மன்றத் தேர்தல்களில் தமிழர் வாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று வெள்ளைக்காரர்கள் கவலைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றும் எங்கள் நகரின் சில வீடுகளில் சைகோன் மரப்பெட்டிகளும் அரக்குத் தட்டுகளும் காணலாம். "சைகோன்காரர் வீடு" என்று தெருவில் அடையாளம் சொல்லும் பழக்கம் எங்கள் சிறுவயதில் இருந்தது. "குவாதலூப்காரர் வீடு" என்று ஒன்றை நாங்கள் கேட்டதில்லை. சைகோனுக்குப் போனவர் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து வீடு கட்டினார். கரும்புக்குப் போனவர் திரும்பி வந்தாலும் அவர் கட்ட வேண்டிய வீடு வேறெங்கோ ஓர் உள்நாட்டு ஊரில்.

குவாதலூப்பில் வாக்குரிமை என்ன ஆயிற்று? அங்கேயே 1863-இல் பிறந்த ஆன்றி சிதாம்பரோம், தீவில் பிறந்த இந்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. அவர்கள் ஆங்கிலேயக் குடிகளின் வாரிசுகள். ஆகவே அந்நியர்கள் என்பது எதிர்வாதம். கவனியுங்கள். கூலிக்கு அழைத்துப்போகும்போது துறை பிரெஞ்சுத் துறை. உரிமை கேட்கும்போது பாட்டன் பிறந்த கிராமம் ஆங்கிலக் கிராமம். சான்றிதழில் இல்லாத கிராமம் வழக்கில் மட்டும் உயிர் பெற்று எழுந்து வந்து எதிர்ச்சாட்சி சொன்னது.

புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பாடினார். அவர் மாலையில் உலவிய அதே கடற்கரையிலிருந்து அரை நூற்றாண்டுக்கு முன் இத்தனை கப்பல்கள் போயிருந்தன என்பதை நினைத்தால் மனம் ஒருவகையாக இருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளின் சார்பில் இலக்கியம் பேச அத்தீவினரே பின்னாளில் எழ வேண்டியிருந்தது. குவாதலூப்பின் எர்னெஸ்ட் முத்துசமி அரசியல்வாதியாகவும் நாவலாசிரியராகவும் இருந்தவர். அவருடைய "ஒரோர்" என்னும் நாவல் கப்பலேறி வந்த இந்தியரைப் பற்றியது. மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1990களில் "கூலித்யூத்" என்றொரு சொல்லைப் படைத்தார். நம் அன்றாடச் சொல்லின் வாலில் பிரெஞ்சு விகுதி ஒட்டி, வசைச் சொல்லை ஓர் இலக்கியக் கொள்கையின் பெயராக்கினார்.

ஊரைத் தொலைத்தவர்கள் தெய்வங்களைத் தொலைக்கவில்லை. மார்த்தினிக்கில் மாரியம்மன் "மாலியெமேன்"; மதுரைவீரன் "மால்தெவிலேன்". ரெயூனியோனில் பாஞ்சாலி "பாண்டியாலே" ஆகித் தீமிதி காண்கிறாள். நாடகம் "நார்ல்கோன்" ஆகிக் கூத்துக் கலைஞர்களால் விடிய விடிய நடிக்கப்பட்டது. எங்களை மிகவும் தொட்டது வேறொன்று. குவாதலூப், மார்த்தினிக் கோயில்களில் "நாகூர்மிரா" என்னும் தெய்வத்துக்குக் கொடிமரம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். ரெயூனியோனில் அவருக்கு "நார்குலான்" என்று பெயர். நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது அவர்கள்தாம்! கடலோடிகளைக் காப்பவர் என்று சாதி சமயம் பாராமல் சோழமண்டலக் கரை முழுதும் நம்பிய மகான். அந்த மூன்று மாதப் பயணத்தில் யாரை எண்ணி வேண்டிக்கொண்டார்களோ, அவருக்கு மாரியம்மன் கோயில் வளாகத்துக்குள்ளேயே இடம் கொடுத்துவிட்டார்கள். காரைக்காலிலிருந்து நாகூர் கூப்பிடு தொலைவு. பிறந்த கிராமத்தின் பெயர் மறந்துபோன இடத்தில், புறப்பட்ட துறைக்குப் பக்கத்து ஊரின் பெயர் ஒரு தெய்வத்தின் பெயருக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஊர்ப்பெயர் இல்லாமல் ஆள்பெயர் மட்டும் பயணம் போவது பழைய கதையும்கூட. எங்கள் ஊரிலிருந்து ஆற்றோடு சற்று மேலே போனால் எதிர்க்கரையில் அரிக்கமேடு. மார்ட்டிமர் வீலர் 1945-இல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த செந்நிற மெருகுத் தட்டுகளில் இத்தாலியக் குயவர்களின் பட்டறை முத்திரைகள் இருந்தன. முத்திரையிலுள்ள பெயரைக் கொண்டே பட்டறையையும் காலத்தையும் அறிஞர்கள் கணித்தார்கள். மறுபக்கம், எகிப்தின் செங்கடல் துறையான குசேர்-அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்று தமிழ்-பிராமியில் எழுதியிருக்கிறது. இத்தாலியக் குயவரின் வீட்டு முகவரி நமக்குத் தெரியும். சாதன் எந்த ஊர்ச் சாதன்?

அம்மையாருக்கு இதையெல்லாம் விளக்கி ஒரு கடிதம் எழுதினோம். நாம் ஒரே ஊர் என்று அன்று சொன்னது எங்கள் பிழை. உங்கள் முன்னோரின் ஊர் வேறாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தீவின் ஆவணக் காப்பகத்தில் குடியேறியோர் பதிவேடு இருந்தால் அதில் ஆளெண்ணைத் தேடிப் பாருங்கள், சான்றிதழை நம்ப வேண்டாம் என்று எழுதினோம். எழுதிய பிறகு வருத்தமாகத்தான் இருந்தது. கொடுத்த உறவை நாமே திரும்பப் பறித்துக்கொண்டது போன்ற உணர்வு.

ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் உள்ளே இருந்தது. பெயர் வீராசாமி, தந்தை பெயர் வைத்திலிங்கம், வயது 24. பிறந்த ஊருக்கான இடத்தில் சாய்ந்த எழுத்தில் "திரிவாதி".

இரண்டு நாள் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினோம். கர்நாடகப் போர்கள் பற்றிய ஆங்கில, பிரெஞ்சு எழுத்துகளில் திரிவாதி என்று வருவது பண்ணுருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகை. பிரெஞ்சுப் படை 1750-இல் பிடித்த இடம் அது. புதுச்சேரியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். முடிந்தது என்று எண்ணினோம். மறுநாள்தான் நினைவுக்கு வந்தது: ஆங்கிலேயர் காலத் தஞ்சைப் பதிவுகளில் திருவையாற்றுக்கும் திருவாடி என்றே பெயர். வைத்திலிங்கம் என்ற பெயர் இரு பக்கமும் உண்டு. காரைக்காலில் ஏறியவர் என்றிருந்தால் திருவையாறு என்று துணிந்திருப்போம். அந்தக் கப்பலோ புதுச்சேரியிலும் ஆள் ஏற்றி, காரைக்காலிலும் ஆள் ஏற்றிப் போயிருக்கிறது. இரண்டும் அப்பரின் ஊர்கள் என்பது தமிழாசிரியர்களான எங்களுக்கு மட்டும் கிடைத்த ஆறுதல். ஒன்றில் தமக்கை திலகவதியாரால் சூலை தீர்ந்தார். மற்றொன்றில் கயிலைக் காட்சி கண்டார்.

இரு ஊர்களின் பெயரையும் பிரெஞ்சு எழுத்தில் ஒலிப்போடு எழுதி, வரைபடத்தில் குறித்து, எதுவென்று எங்களால் தீர்த்துச் சொல்ல இயலவில்லை என்று அனுப்பினோம்.

அடுத்த தை மாதம் வருகிறேன், இரண்டு ஊருக்கும் போக வேண்டும், ஒரு நாளில் முடியுமா என்று கேட்டிருக்கிறார். திருவதிகைக்கு ஒரு நாள், திருவையாற்றுக்கு இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறோம். அதற்கு முன்பாக, முதல் நாள் மாலை, கப்பல்கள் நின்ற கடலைக் கரையிலிருந்து காட்ட வேண்டும் என்பது அவருடைய மற்றொரு கோரிக்கை. அதற்கு மட்டும் எங்களை விட்டால் ஆளில்லை.